மஞ்சள் அட்டையின் முதல் வரி

எங்கள் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மருத்துவச்சிப் படிப்புக்கு வரும் ஒவ்வொரு மாணவிக்கும் மூன்று அட்டைகள் கொடுப்போம். பச்சை அட்டை மலாய்ப் பெண்களைப் பற்றியது, சிவப்பு சீனப் பெண்களைப் பற்றியது, மஞ்சள் இந்தியப் பெண்களைப் பற்றியது. சட்டைப் பையில் அடங்கிவிடும். வலியோடு வருகிறவளை எப்படி வரவேற்பது, என்ன சாப்பிடக் கொடுக்கலாம், எதைச் செய்தால் அவள் மனம் நோகும் என்றெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும்.

மஞ்சள் அட்டையை எழுதியது நான்தான். பதினேழு வருடம் ஆகிறது. அப்போது மலேசியாவின் ஈப்போவில் எங்கள் துறையில் இருந்த ஒரே இந்தியப் பெண் நான். அதைத் தவிர வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை. ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதி முடித்துவிட்டேன். முதல் வரி இது: ‘முதலில், அம்மா எங்கே என்று கேள். அம்மாவைக் கூடவே இருக்க விடு.’

இந்த வருடம் அட்டைகளைத் திருத்தப் போகிறார்கள். துறைத் தலைவி ரோஹானா, “விமலா, இந்தியப் பெண்களைப் பற்றி எழுதும் முன் ஒருமுறை இந்தியாவைப் பார்த்துவிட்டு வாயேன்” என்றார். திருச்சியில் ஒரு நர்சிங் கல்லூரியோடு எங்களுக்குத் தொடர்பு இருந்தது. ஐந்து நாள் பயணம் என்று முடிவானது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பெர்த்திலிருந்து என் மகள் ரூபிணி போன் செய்தாள். அவளுக்கு எட்டாம் மாதம். “அம்மா, பிரசவத்துக்கு நீங்க வர வேண்டாம். பிறந்த பிறகு, ஒரு மாசம் கழிச்சு வாங்க” என்றாள். ஏன் என்று கேட்டேன். “அப்படித்தாம்மா” என்றாள். முப்பது வருடமாக ஊரார் பிள்ளைகளையெல்லாம் முதலில் கையில் வாங்கியவள் நான். என் மகளுக்கு மட்டும் நான் வேண்டாம். இதை யாரிடமும் சொல்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை திருச்சியில் இறங்கினேன். ஆட்டோக்காரர் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு முதல் கேள்வியைக் கேட்டார். “மலேசியாவாம்மா? சொந்த ஊரு எது?”

“ஈப்போ.”

“அது இருக்கட்டும்மா. சொந்த ஊரு?”

என் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாது என்றேன். கண்ணாடி வழியாக என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒரு பாலம் ஏறி இறங்கும் வரை யோசித்துவிட்டு, “முசிறிப் பக்கமா இருக்கும்மா. முகத்தைப் பாத்தா அப்படித்தான் தெரியுது” என்றார். எனக்கும் ஒரு ஊர் கிடைத்துவிட்டது.

என்ன வேலையாக வந்தேன் என்று கேட்டார். பிரசவம் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறவள் என்றேன். வண்டியை ஓட்டியபடியே ஒரு கையால் மலைக்கோட்டையைக் காட்டி, தாயுமானவர் கதையை ஆரம்பித்துவிட்டார். காவிரியில் வெள்ளம் வந்து அம்மாவால் ஆற்றைத் தாண்ட முடியாமல் போக, சாமியே அம்மா உருவத்தில் வந்து மகளுக்குப் பிரசவம் பார்த்த கதை. அந்த ஐந்து நாளில் இதே கதையை ஆறு பேர் எனக்குச் சொன்னார்கள். வியாழக்கிழமை வாக்கில், அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே நான் தலையாட்டத் தொடங்கியிருந்தேன்.

லாட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு மெஸ். வாசலில் நின்றவர், “எத்தனை பேரும்மா?” என்றார். ஒருத்தர் என்றேன். என் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். நாலு பேர் உட்காரும் மேசையில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் அந்நியர் ஒருவர் நம் மேசைக்கு வந்தால், உட்காரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு தம்பதியும் ஒரு பெரியவரும் வந்து என் முழங்கை இடிக்க உட்கார்ந்தார்கள். சந்தோஷமாக இருந்தது. ஆனால் எனக்குச் சாம்பார் வந்து நான் ரசத்துக்குப் போவதற்குள் மூவரும் கை கழுவிவிட்டுப் போய்விட்டார்கள். இந்த ஊரில் சாப்பிடும் வேகத்துக்கு ஈடுகொடுக்க என்னால் கடைசிவரை முடியவில்லை.

அன்று சாயங்காலம் வரை எண்ணிப் பார்த்தேன். சர்வர், ஆட்டோக்காரர், லாட்ஜ் மேனேஜர், மருந்துக்கடைப் பெண் என்று எட்டுப் பேர் என்னை அம்மா என்று கூப்பிட்டிருந்தார்கள். அறைக்கு வந்து போனைப் பார்த்தேன். ரூபிணியிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

திங்கட்கிழமை கல்லூரி. கல்லூரியின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். ஆசிரியை பிலோமினாவைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். மேலப்புதூர்க்காரர், ஐம்பது வயது, குரல் கணீரென்று இருக்கும். விருந்தாளியைக் கௌரவப்படுத்த வேண்டும் என்று, நான் மின்னஞ்சலில் அனுப்பியிருந்த மஞ்சள் அட்டையைத் தமிழாக்கி, ஜெராக்ஸ் எடுத்து, இறுதியாண்டு மாணவிகள் எல்லோருக்கும் கொடுத்து, மனப்பாடமும் செய்ய வைத்திருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் இருபத்திரண்டு பெண்கள் எழுந்து நின்று என் முதல் வரியைக் கோரஸாகச் சொன்னார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“தாதியர் பயிற்சியில் நாங்கள்...” என்று பேச்சை ஆரம்பித்தேன். பின்வரிசையில் சிரிப்பு. நாங்கள் நர்ஸுக்குச் சொல்லும் தாதி என்ற சொல் அவர்களுக்கு ராஜா ராணி நாடகத்தில் வருவதாம். “மேம், நீங்க நியூஸ் வாசிக்கிற மாதிரி அழகா பேசுறீங்க” என்றாள் ஒருத்தி. துறையூரிலிருந்து வந்து படிக்கும் கோமதி அவள். ஒல்லியான பெண், எதையும் குறிப்பு எடுத்துக்கொண்டே இருப்பாள்.

அட்டையில் ‘பிரசவத்துக்குப் பின் உணவு’ என்று ஒரு பகுதி இருக்கிறது. இந்தியப் பெண்களுக்குப் பூண்டு, மிளகு, சூடான உணவு என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அவரவர் வீட்டில் என்ன கொடுப்பார்கள் என்று கேட்டேன். சுறாப்புட்டு என்றாள் ஒருத்தி. மீன் வாசனையே வீட்டுக்குள் வராது என்றாள் இன்னொருத்தி. நல்லெண்ணெயில் முட்டையை உடைத்து ஊற்றி இஞ்சிச்சாறு விடுவார்கள் என்றாள் ஆழ்வார்தோப்பிலிருந்து வரும் பெண். மூன்றாம் நாளே கோழி சூப் என்றார் பிலோமினா. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், “எங்க வீட்ல ஸ்பெஷலா ஒண்ணும் கிடையாது மேம். அம்மா ரெண்டு வாரத்துல வேலைக்குப் போயிட்டாங்க” என்றது.

“மேம், நாங்க எல்லாருமே மஞ்சளா?” என்று கேட்டாள் கோமதி.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். என் மருமகன் கெவின் சீனர். என் பேரக்குழந்தைக்கு எந்த நிற அட்டையை நீட்டுவார்கள் என்று அந்த நிமிடம்தான் எனக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நான் ஸ்ரீரங்கத்தில் இருந்திருக்க வேண்டும். அங்கே ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் கோமதியின் குழுவுக்கு லேபர் வார்டு பயிற்சி. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, டிக்கெட்டுக்கு நோட்டை நீட்டினேன். “லேடீஸுக்கு ஃப்ரீம்மா” என்று கண்டக்டர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். நான் மலேசியாக்காரி, எனக்கு இது பொருந்தாது என்று விளக்கினேன். “மலேசியாவுலயும் லேடீஸ்தானம்மா?” என்று கேட்டுவிட்டு முன்னால் போய்விட்டார். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தக் கூச்சத்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு கோபுரம் தெரிந்தது. ஸ்ரீரங்கம் வந்துவிட்டது என்று அவசரமாக இறங்கினேன். இறங்கிய இடம் திருவானைக்காவல்.

அடுத்த பஸ் ஐந்து நிமிடத்தில் வந்தது. நான் ஏறவில்லை. பக்கத்திலிருந்த ஓட்டலிலிருந்து நெய் வாசனை வந்தது, உள்ளே போனேன். என் எதிரே ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தார், ரிட்டயர்டு டீச்சர். நெய்ரோஸ்ட் வந்ததும் அவர் ஓடிவிடவில்லை, பேச ஆரம்பித்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஊரில் இறங்கிய பிறகு என்னோடு உட்கார்ந்து பேசிய முதல் ஆள். அதற்காகவே இன்னொரு காபி சொன்னேன்.

“பொண்ணுக்கு எட்டாம் மாசமா! அப்ப நீங்க எப்போ கிளம்புறீங்க?” என்றார்.

“அடுத்த மாதம். டிக்கெட் எடுத்தாச்சு” என்றேன்.

டிக்கெட் எதுவும் எடுக்கவில்லை. பொய் அத்தனை சுலபமாக வந்தது. அதோடு நிற்கவும் இல்லை. குழந்தைக்குக் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருப்பதாகவும் சொன்னேன், வெள்ளை நிறம் என்று நிறத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கையைத் தட்டிக்கொடுத்து, “அம்மா பக்கத்துல இருந்தா அதுவே பாதி தெம்பு” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி பதினொன்று. கோமதி ஓடிவந்தாள். “மேம், உங்க கார்டுல இருக்கறபடியே செஞ்சிருக்கோம்!” என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

காலை ஏழு மணிக்கு ரேவதி என்ற பெண் வலியோடு வந்திருக்கிறாள். இருபத்து மூன்று வயது, தலைப்பிரசவம். கணவன் லோடு வண்டி ஓட்டுகிறவன், ஓசூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். அவளைக் கூட்டி வந்தது அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்காரி பத்மா. கோமதி முதல் வேலையாக, “அம்மா எங்க?” என்று கேட்டிருக்கிறாள். “முசிறிலேருந்து வந்துட்டு இருக்காங்க” என்றிருக்கிறாள் ரேவதி.

அந்த வார்டில் ஒரு பெண்ணுக்கு ஒரு துணைதான் உள்ளே வரலாம், ஒருத்தரை விட்டால் பிறகு மாற்ற முடியாது. அதனால் அம்மாவுக்காக அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள். “பத்மா அக்காவை வெளிய உக்கார வெச்சிருக்கோம் மேம். ஒன்பது மணிக்கு, அம்மா குணசீலம் வந்துட்டாங்கன்னு ரேவதி சொன்னா. அப்புறம் வாத்தலை. இப்ப டோல்கேட்ல இறங்கி பஸ் மாறுறாங்களாம்.” கோமதி எல்லாவற்றையும் நேரத்தோடு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். இரண்டு தடவை வாசல் வரை போய், “ரேவதியோட அம்மா யாருங்க?” என்று சத்தம் போட்டுக் கேட்டுவிட்டும் வந்திருந்தாள்.

முசிறியிலிருந்து டோல்கேட் வர நாலு மணி நேரம் ஆகாது என்று முந்தாநாள் வந்த எனக்கே தெரியும்.

உள்ளே போனேன். இரண்டு கட்டில். ஒன்றில் இருந்த பெண், கதவுத் திரை அசையும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். அவள் அம்மா டீ வாங்கப் போயிருந்தார். ரேவதி ஒரு முறைகூடக் கதவைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி படுத்திருந்தாள். யாரும் வரப்போவதில்லை என்று எனக்கு உடனே புரிந்தது. இரண்டு மணி நேரம் முன்பு வெள்ளைக் கம்பளிச் சட்டை பின்னியவள் அல்லவா நான். ஒரு பொய் சொன்னால் அதற்கு நிறமும் ஊரும் சேர்த்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. அவள் அந்த வலிக்கு நடுவிலும் அம்மாவை ஊர் ஊராக நகர்த்திக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வலி வந்து போகும் வரை முதுகைத் தேய்த்துவிட்டேன். பிறகு கேட்டேன். “ரேவதி, யார் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இப்போது யார் இங்கே இருந்தால் உனக்கு நல்லா இருக்கும்?”

அவள் பதில் சொல்லவில்லை. வழக்கமாக நான் இந்த இடத்தில் பேசிவிடுவேன். அம்மாவா, மாமியாரா, அக்காவா என்று எடுத்துக் கொடுப்பேன். அன்று வாயை மூடிக்கொண்டு, நாடி பார்க்கும்போது எண்ணுவதுபோல மனசுக்குள் எண்ணினேன். ஒன்பது எண்ணும்போது அவள் சுவரிடமிருந்து முகத்தைத் திருப்பினாள்.

“பத்மாக்கா. வெளிய இருக்காங்க. கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பாங்களா?”

கோமதி ஓடினாள். ஆஸ்பத்திரி வாசலில் புங்க மரத்தடி சிமெண்டு பெஞ்சில் பத்மா பிளாஸ்க்கும் கூடையுமாக நாலு மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், நல்ல பருமன். உள்ளே வந்ததும் வராததுமாக, “ஏண்டி, உங்கம்மா என்ன மாட்டு வண்டியிலயா வர்றாங்க?” என்றார். ரேவதி சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதாள். காலையிலிருந்து ஒரு சத்தம்கூடப் போடாதவள், அடுத்த வலிக்கு வார்டே அதிரக் கத்தினாள்.

நான் பத்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். “அம்மா வரப்போவதில்லை என்று உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்ங்க. இவ லவ் மேரேஜ் பண்ணி ரெண்டு வருஷமா பேச்சு வார்த்தையே கிடையாது.”

“பின் ஏன் சொல்லவில்லை?”

“அவ வர்றாங்கன்னு சொல்லிட்டா. அதை நான் எப்படிங்க இல்லேன்னு சொல்றது? அத்தனை பேருக்கு முன்னாடி அவளுக்கு அசிங்கமாயிடும்ல?”

அவள் மானத்தைக் காப்பாற்ற அவர் வெளியே உட்கார்ந்திருந்தார். அம்மாவை மதிக்க வேண்டும் என்று மாணவிகள் இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள். எல்லோரும் அவளுக்கு நல்லதுதான் செய்தார்கள். அவள் நாலு மணி நேரம் தனியாகக் கிடந்தாள். ஒன்றேமுக்காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பத்மா வலது கையை ரேவதியிடம் கொடுத்துவிட்டு இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை வகுப்பில் கோமதியின் கண்கள் வீங்கியிருந்தன. “நான் கேட்டதாலதானே மேம் அந்தக்கா பொய் சொன்னாங்க” என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை, எழுதியதில்தான் தப்பு என்றேன். எழுதியவள் யார் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு, ஈப்போவில் பதினேழு வருடமாகச் சொல்லாத ஒன்றை முன்பின் தெரியாத இருபத்திரண்டு பெண்களிடம் சொன்னேன். என் அம்மா எனக்குப் பத்தொன்பது வயதில் இறந்துபோனார். நான் பிரசவ வார்டில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அவள் அம்மா தலை வாரிப் பின்னிவிட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அட்டை எழுதச் சொன்னபோது அந்தப் பின்னல்தான் நினைவில் வந்தது. இந்தியப் பெண்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள், எனக்கு என்ன கிடைக்கவில்லையோ அதை எழுதிவிட்டேன்.

பிலோமினா மேசையிலிருந்த ஜெராக்ஸ் பிரதியை எடுத்துப் பார்த்தார். பிறகு, “ஆனா மேடம், நிறைய பேருக்கு அம்மாதானே வேணும்? அந்த வரியை எடுத்துட்டா எப்படி?” என்றார்.

“வேணும்னா அவங்களே சொல்லிடுவாங்க மேம்” என்றாள் கோமதி.

அப்படியே முதல் வரியை மாற்றினோம். ‘யார் கூட இருக்க வேண்டும் என்று கேள். கேட்டபின் பத்து எண்ணும் வரை பேசாதே.’ ஒருத்தி நோயாளியாகவும் ஒருத்தி மருத்துவச்சியாகவும் நடித்துப் பழகினார்கள். கேள்வி எல்லோருக்கும் சுலபமாக வந்தது, பத்து வரை எண்ணத்தான் யாராலும் முடியவில்லை. முக்கால்வாசிப் பேர் நாலில் வாயைத் திறந்துவிட்டார்கள். பிலோமினா இரண்டிலேயே, “சொல்லும்மா, சொன்னாத்தானே தெரியும்!” என்று அதட்டினார். வகுப்பு குலுங்கிச் சிரித்தது.

மாலையில் ரேவதியைப் பார்க்கப் போனேன். பத்மா கொண்டு வந்த மிளகு ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தாள். ஓசூரிலிருந்து வந்து சேர்ந்திருந்த கணவன் மருந்து வாங்கப் போயிருந்தான். வலது உள்ளங்கையில் கட்டில் கம்பி கன்றிய தடம் இன்னும் இருந்தது.

“பொய் சொன்னேன்னு கோவமாம்மா?” என்றாள். இல்லை என்றேன். “அந்தப் பொண்ணு நல்லவிதமாத்தான் கேட்டா. ஆனா அம்மா வரலேன்னா நான் ஏதோ தப்பு பண்ணின மாதிரி இருந்துச்சு. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களாம்மா?”

அவளிடம் மட்டும் கம்பளிச் சட்டையைக் கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை. “ஒரு மகள். அடுத்த மாதம் பிரசவம். என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.”

ரேவதி ரசத்தைக் கீழே வைத்தாள். “கோவமா சொன்னாங்களா?”

“இல்லை.”

“நீங்க என்ன கேட்டீங்க?”

“ஏன் என்று கேட்டேன்.”

“என்கிட்ட நீங்க ஏன்னு கேக்கலையேம்மா” என்றாள்.

குழந்தை சிணுங்கியது. அவள் அதை எடுக்கக் குனிந்துவிட்டாள். நான் விடைபெற்றுக்கொண்டு வந்தேன். அன்று வரை முசிறியிலிருந்து யாரும் வரவில்லை.

வியாழக்கிழமை வேலை எதுவும் இல்லை. மறுநாள் காலை விமானம். ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனேன். எங்கள் ஊர்க் கோயில்களில் பத்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம். இங்கே ஒரு பிராகாரத்தில் நடந்ததும் கால் வலித்தது. எல்லோரும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மடிசார் மாமி, நான் தனியாக விழிப்பதைப் பார்த்துவிட்டு, “தாயாரைச் சேவிச்சேளோ?” என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

“அவசியம் சேவிக்கணும். எங்க தாயார் படிதாண்டமாட்டா. உத்சவம்னா பெருமாள்தான் தாயார் சந்நிதிக்கு எழுந்தருளுவார். தாயார் வெளியில எங்கேயும் புறப்பாடு கிடையாது. வேணுங்கறவா தேடிண்டு போய்ச் சேவிக்கணும்.”

சொல்லாமல் கொள்ளாமல் பெர்த்துக்குப் போய் ரூபிணியின் வாசலில் நின்றுவிட்டால் என்ன என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தவள் நான். வந்தவளைத் துரத்தவா போகிறாள் என்று ஒரு கணக்கு. மாமி காட்டிய வழியில் போய்த் தாயாரைப் பார்த்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

அங்கிருந்து காவிரிக் கரையில் அம்மா மண்டபம். மணி ஐந்து. படித்துறையில் கூட்டம் குறைந்திருந்தது. ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்த ஒரு பெண், எனக்குப் படியில் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். ஆற்றில் பாதி அளவு தண்ணீர் ஓடியது. பெர்த்தில் இப்போது ஏழரை, சாப்பிட்டு முடித்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு ரூபிணியைக் கூப்பிட்டேன்.

“என்னம்மா? ஏதாவது பிரச்சனையா?”

“இல்லை. ஒன்று கேட்க வேண்டும். பிரசவத்தின்போது யார் உன் கூட இருந்தால் உனக்கு நல்லா இருக்கும்?”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் எண்ண ஆரம்பித்தேன். மூன்றில், ‘நான் வந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன்’ என்று வாய் வரை வந்தது. ஐந்தில், ‘முப்பது வருட அனுபவம்’ என்று வந்தது. இரண்டையும் விழுங்கினேன். பத்து வரை எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த மாணவிகளுக்கு நான் சரியாகச் சொல்லவில்லை.

“கெவின் மட்டும்மா” என்றாள். “நீங்க இருந்தா நான் உங்க முகத்தையே பாத்துட்டிருப்பேன். எல்லாம் சரியா நடக்குதான்னு உங்க முகத்துல தேடிட்டே இருப்பேன். எனக்குப் பயமா இருக்கும்மா.”

ஏன் என்று கேட்டபோது வராத பதில் இது. வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் அது இன்னொரு கம்பளிச் சட்டை.

“சரிம்மா. கெவின் இருக்கட்டும்” என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. மூச்சு விடும் சத்தம் கேட்டது. “அம்மா, நான் பிறந்தப்போ உங்க கூட யார் இருந்தா?”

இருபத்தொன்பது வருடத்தில் அவள் இதைக் கேட்டதில்லை. அவளும் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தாள்.

“யாரும் இல்லம்மா” என்றேன். “நீதான் வந்த.”